பத்தாவது பகுதி, 4 நிமிடம் 10 விநாடி

என் கணினியில் ‘அண்ணமார்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே பதினோரு வீடியோக்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை முழுசாக ஓடும். பத்தாவது 4 நிமிடம் 10 விநாடியில் நின்றுவிடும். பதினொன்றாவது ஒரு பழைய மெமரி கார்டிலிருந்து கிடைத்தது, கட்டைவிரல் அகலத்துக்குத்தான் படம் தெரியும். 12, 13, 14 என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்து யாரிடமும் இல்லை.

2011 மாசியில் எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, ஊரில் நோம்பி, கோவில் திருவிழா, சாட்டியிருந்தார்கள். வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர் அது. கோவில் வாசலில் உடுக்கடிப் பாட்டு. அண்ணமார் என்று எங்கள் பக்கம் கும்பிடுகிற அண்ணன் தம்பி, பொன்னர் சங்கர் கதையை முழுசாகப் பாடினால் பல ராத்திரி ஆகும், அன்றைக்குப் பாடியது மூணரை மணி நேரம். ஒறம்பரையாக, விருந்தாளியாக, வந்திருந்த ஒருவர் கையில் வீடியோ கேமரா இருந்தது, அவர் அசையாமல் உட்கார்ந்து மூணரை மணி நேரத்தையும் எடுத்து, அப்புறம் யூடியூபில் ஏற்றினார். அந்தக் காலத்தில் சாதாரணக் கணக்கில் ஒரு வீடியோ 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதனால் கதையைத் துண்டு துண்டாக வெட்டிப் பதினாலு பகுதியாகப் போட்டிருந்தார். பாட்டு நடுவில், சில இடத்தில் அடி நடுவிலேயே வெட்டு விழுந்திருக்கும். அதைப் பற்றி யாருக்கும் குறையில்லை. பார்த்தவர்களே நூறு, நூற்றைம்பது பேர்தான் இருக்கும், எல்லாரும் அந்த ஊர் ஆட்களும் வெளியூருக்கு வேலைக்குப் போன அவர்கள் பிள்ளைகளும்.

நான் அதை இறக்கி வைக்க நினைத்தது அப்புச்சிக்காக. அப்போது எங்கள் சாளைக்கு, தோட்டத்து வீட்டுக்கு, இருந்த இணைப்பில் பகலில் பார்த்தால் அளவு கணக்காகும், அதிகாலை 2 மணியிலிருந்து 8 மணி வரை கணக்கில்லை. வேகம் நொடிக்கு 256 கிலோபிட் கிடைத்தால் நல்ல நாள். கணக்குப் போட்டால் ஒரு பகுதி, சுமார் 45 எம்பி, இறங்க அரை மணி நேரம். ஒரே ராத்திரியில் பன்னிரண்டு பகுதி இறங்கியிருக்க வேண்டும். ஆனால் நான் இறக்க உட்கார்ந்தது 2012. அந்த வருசம் எங்கள் பக்கம் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று கடிகாரம் வைத்துச் சொல்ல முடியாது. விசைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த காலம். ரெண்டு மணிக்கு எழுந்து ஓடவிட்டால் மூணு மணிக்கு எல்லாம் அணைந்துவிடும். நாலு ராத்திரியில் ஒன்பது பகுதி சேர்ந்தது. பத்தாவது கால்வாசியைத் தாண்டியபோது போன கரண்டு விடிந்தும் வரவில்லை. அடுத்த நாள் மஞ்சள் வேகவைக்கிற வேலை ஆரம்பித்துவிட்டது. அது எங்கே போகப் போகிறது, அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டேன்.

ஒரு வருசம் கழித்துப் போய்ப் பார்த்தபோது சாம்பல் நிறத் திரை. ஏற்றியவரின் கணக்கே நீக்கப்பட்டிருந்தது. அவர் ஊருக்குப் போன் போட்டு விசாரித்தால், கேமராவிலிருந்த டேப்பின் மேலேயே அப்புறம் ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டாராம், கம்ப்யூட்டரும் கெட்டுப்போய் விற்றாகிவிட்டது. “யூடியூப்ல தான் இருக்குதேன்னு உட்டுட்டனுங்க” என்றார். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த நினைப்பைப் பற்றிச் சொல்லத்தான். லிங்க் வைத்திருப்பது வேறு, பொருள் வைத்திருப்பது வேறு. லிங்க் என்பது அடுத்தவர் வீட்டு அட்டாலியில், பரணில், இருக்கிற பாத்திரத்தைப் பார்த்து, அங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது மாதிரி. அந்த வீட்டுக்காரர் காலி பண்ணிக்கொண்டு போனால் போச்சு. கூகுள் வீடியோ என்று ஒன்று இருந்தது பலருக்கு நினைவே இருக்காது, 2009-இல் புதிதாக ஏற்றுவதை நிறுத்தி 2012-இல் முழுக்க மூடினார்கள். ஃபிளாஷ் இருந்தால்தான் ஓடும் என்றிருந்த எத்தனையோ பக்கங்கள் 2020 டிசம்பரோடு ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றதும் ஊமையாகிப் போயின. நம் ஆட்கள் நேரடியாக அடிபட்டது டிக்டாக்கில். 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்த அறிவிப்பு வந்தது. அந்தத் தடை சரியா தப்பா என்பதை இங்கே பேசவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா, பள்ளிக்கூடத்தில் நாலாவதுக்கு மேல் படிக்காதவர், களை எடுக்கும்போது பாடுகிற பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடிப் போட்டிருந்தார், நூறுக்கு மேல் இருக்கும். போன் கேலரியில் தங்கியது ஆறு. மீதிப் பாட்டு அவர் ஞாபகத்தில் இருக்கிற வரைக்கும்தான்.

வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடுகிற வள்ளி கும்மிக்கு இன்றைக்கு நல்ல காலம். 2024-இல் கும்மி ஆசிரியர் பத்ரப்பன் ஐயாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் ஊருக்கு ஊர் குழு, ஒவ்வொரு அரங்கேற்றத்துக்கும் நேரலை. பார்க்கப் பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. ஆனால் ஆடுகிறவர்களைக் கேட்டால் அவர்கள் அரங்கேற்ற வீடியோ அவர்களிடம் இருப்பதில்லை. நேரலை செய்த வீடியோ கடைக்காரர் சேனலில்தான் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் சேனல் பெயரை மாற்றினாலோ, பின்னணிப் பாட்டுக்கு யாராவது உரிமை கோரினாலோ என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

பதினொன்றாவது பகுதி கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். 2010-ஐ ஒட்டிய வருசங்களில் எல்லா ஊர் பஸ் ஸ்டாண்டிலும் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு, வீடியோ ஏற்றித் தருவார்கள், இருபது முப்பது ரூபாய்க்குக் கார்டு நிறைய. அந்தக் கடைக் கணினிகள்தான் அப்போது எங்கள் நூலகம் என்று இப்போது தோன்றுகிறது. அப்படி ஒரு கடையில் யாரோ உள்ளூர்க்காரர் கேட்டு, அந்த ஒரு பகுதியை மட்டும் அப்போதைய பட்டன் போனுக்குத் தகுந்த மாதிரி 3GP என்கிற சின்ன வீடியோ வடிவத்துக்கு மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். 176-க்கு 144 புள்ளிகள். டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் தன் பழைய போனோடு அந்தக் கார்டை வைத்திருந்தார். அப்புச்சி ஊர்ச் சாவுக்குப் போன இடத்தில் பேச்சுவாக்கில் தெரிய வந்து, 2017-இல் வாங்கிக் காப்பி எடுத்தேன். பாடுகிறவர் முகம் ஒரு மஞ்சள் திட்டு, அவ்வளவுதான். சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்கிறது. சங்கர் கோபத்தோடு எழுந்திருக்கிற இடம் அது.

இந்தக் கதையை ஒலியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்று முதலில் மெனக்கெட்டவர்களில் ஒருவர் வெளிநாட்டுப் பெண் என்பது எங்கள் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. பிரெண்டா பெக் என்ற கனடா ஆராய்ச்சியாளர், 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து, ராத்திரி ராத்திரியாகப் பாடியதை டேப்பில் பிடித்தார். பிற்பாடு அது அச்சாகித் தமிழும் ஆங்கிலமுமாக வந்தது. சுருள் டேப்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் காலத்தில் கிராமத்தில் அலைவது எவ்வளவு பாடு! நம் கையில் இருப்பதோ ஒரு கணினி, ஒரு ஹார்டு டிஸ்க்.

சரி, எப்படி இறக்குவது என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

யூடியூப் செயலிக்குள்ளேயே இருக்கிற டவுன்லோடு பொத்தான் நாம் நினைக்கிற சேமிப்பு இல்லை. 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு அந்த வசதி வந்தபோது 48 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. இப்போது பிரீமியம் என்கிற சந்தா கட்டினாலும் சுமார் ஒரு மாதத்துக்கு ஒருமுறையாவது இணையத்தில் சேர வேண்டும். அந்தக் கோப்பு செயலிக்குள் பூட்டித்தான் இருக்கும், பென்டிரைவில் எடுக்க முடியாது. ஏற்றியவர் நீக்கிவிட்டால் நம் போனிலும் போய்விடும். மலையடிவாரத்துத் தோட்டத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் மோட்டார் காயில் கட்டுகிற வீடியோ பார்ப்பதற்கு அது நன்றாக உதவும், நானே அப்படிப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அது இரவல்.

சொந்தமாக வைத்துக்கொள்ள நான் பயன்படுத்துவது ஒய்டி-டிஎல்பி (yt-dlp). 2006-இல் ஆரம்பித்த யூடியூப்-டிஎல் என்ற இலவச மென்பொருளின் கிளை. 2020 அக்டோபரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் புகார் கொடுத்து அந்த மூல மென்பொருளை, நிரல்களை வைக்கிற கிட்ஹப் தளத்திலிருந்து எடுக்க வைத்தது, நவம்பரில் கிட்ஹப் அதைத் திரும்ப வைத்தது. இதற்குப் படம் போட்ட பொத்தான்கள் கிடையாது, கருப்புத் திரையில் கட்டளை எழுத வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, அரை மணி நேரத்தில் பிடிபடும். முதலில் வடிவப் பட்டியலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரு வீடியோவுக்கு இருபது முப்பது வரி வரும். நல்ல தரத்தில் படம் தனி, சத்தம் தனி என்று யூடியூப் பிரித்து வைத்திருப்பது அங்கேதான் தெரியும். ரெண்டையும் இறக்கி ஒட்டுவதற்கு எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இன்னொரு மென்பொருளும் கணினியில் இருக்க வேண்டும். பாதியில் கரண்டு போனாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பட்டியலில் எதை எடுப்பது என்பதில்தான் நான் பாடம் கற்றேன். 2019-இல் அப்புச்சிக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆசாரத்துக் கட்டிலோடு படுத்துவிட்டார். வயசு 88. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்கு வருசம் தவறாமல் போய்க் குதிரையும் மாடும் பார்த்து வருகிற மனுசன். சந்தை வீடியோ ஒன்றை இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் இறக்கி, பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். டிவியில் சொருகினேன். குதிரை வருகிறது, மாடு வருகிறது, கூட்டம் வருகிறது.

“படம் வருது, சத்தத்தையே காணமே கண்ணு. மாட்டுக் கழுத்துச் சலங்கை கேக்க வேண்டாமா?”

அவர் டிவிக்கு அந்த ஒலி வடிவம் புரியவில்லை. ஓபஸ் என்கிற வடிவம், புதிய கருவிகளில் ஓடும், கொஞ்சம் பழைய டிவிகளில் ஊமை. அடுத்த நாள் படத்துக்கு எச்.264, சத்தத்துக்கு ஏஏசி என்று தேர்ந்து இறக்கினேன், பட்டியலில் 137-உம் 140-உம். அந்த ரெண்டும் இருந்தால் எந்த டிவியிலும் கிட்டத்தட்ட ஓடிவிடும். இன்னொன்று, பென்டிரைவ் ஃபாட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, பெரிய வீடியோவாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சத்தத்தோடு போட்டபோது அப்புச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எந்த மாடு எந்தப் பக்கம் நடக்கிறது என்று சலங்கையை வைத்தே சொன்னார். அதை ஏன் போனில் பிடித்து வைக்கவில்லை என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

‘லிங்கைப் போடு, இறக்கு’ என்று சொல்கிற இணையதளங்கள் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பெரிய பச்சைப் பொத்தான் நாலு இருக்கும், நாலும் விளம்பரம். என் தங்கச்சி பையன் அதில் ஒன்றை அழுத்தி, ஏதோ ஒரு நிரலை நிறுவி, மூணு நாள் கணினியைத் திறக்க முடியாமல் கிடந்தான்.

இப்போது உரிமை விசயம். யூடியூபின் விதிமுறையில், அவர்களே பொத்தான் கொடுத்தாலோ உரிமையாளர் அனுமதித்தாலோ ஒழிய இறக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு கண்டதையெல்லாம் இறக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். சினிமா, விற்பனையில் இருக்கிற பாட்டு, யாரோ மாதக் கணக்கில் உழைத்துப் பார்வைக்குக் கிடைக்கிற காசில் வாழ்கிற சேனல், இதையெல்லாம் அங்கேயே போய்ப் பாருங்கள். நான் இறக்குவது எங்கள் ஊர்ப் பக்கத்து நோம்பி, கூத்து, பாட்டு, சந்தை, வயசானவர்கள் பேச்சு. அதையும் இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன். வீடியோவுக்குக் கீழே கருத்தாக ஒரு வரி எழுதினால் போதும், இதுவரை கேட்ட பதினாலு பேரில் ஒருவர் கூட மறுக்கவில்லை. ரெண்டு பேர் வெட்டாத முழு வீடியோவையே அனுப்பி வைத்தார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், தேடலில் அதற்கென்று ஒரு வடிகட்டி இருக்கிறது.

இறக்கியதைப் பெயர் வைக்காமல் போட்டால் ஆறு மாசத்தில் நமக்கே அடையாளம் தெரியாது. ஊர், நோம்பி, வருசம், பாடியவர் யார் என்று தமிழிலேயே பெயர் வைப்பேன், கடைசியில் யூடியூப் கொடுக்கிற பதினோரு எழுத்து அடையாளத்தையும் விட்டு வைப்பேன். வீடியோவுக்குக் கீழே ஏற்றியவர் எழுதியிருந்த குறிப்பை ஒரு உரைக் கோப்பாகப் பக்கத்தில் வைப்பது ரொம்ப முக்கியம். என் ஒன்பது பகுதிகளில் உடுக்கை அடித்தவர் பெயர் எங்கேயும் இல்லை, அது அந்தக் குறிப்பில்தான் இருந்தது, அதை நான் எடுக்கவில்லை. இடத்துக்குக் கவலைப்பட வேண்டாம். 480 தரத்தில் ஒரு மணி நேரம் சுமார் 350 எம்பி, ஒரு டெராபைட் டிஸ்கில் ரெண்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கவலைப்பட வேண்டியது டிஸ்குக்குத்தான். என் முதல் டிஸ்க் ஒரு நாள் பொழுதோட ‘டக், டக்’ என்று சத்தம் போட ஆரம்பித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் உயிரை விட்டது. அண்ணமார் ஃபோல்டர் தப்பியது அப்புச்சிக்குக் கொடுத்த பென்டிரைவில் இன்னொரு காப்பி இருந்ததால் மட்டும்தான். இப்போது மூணு இடத்தில் வைக்கிறேன்: கணினியில் ஒன்று, பீரோவில் ஒரு வெளி டிஸ்க், கோயமுத்தூரில் தங்கச்சி வீட்டில் ஒன்று. சாளையில் இடி விழுந்தாலும் அங்கே இருக்கும்.

பத்தாவது பகுதிக்கு வருகிறேன். அது பத்து வருசத்துக்கும் மேலாகப் பாதிக் கோப்பாக, பின்னால் ‘பார்ட்’ என்ற ஒட்டோடு கிடந்தது. ஓடாது என்றே நினைத்திருந்தேன். 2023-இல் ஒரு நாள் அந்த ஒட்டை நீக்கிவிட்டு விஎல்சி என்கிற வீடியோ பார்க்கிற மென்பொருளில் போட்டுப் பார்த்தால் ஓடுகிறது! வீரர்கள் விழுகிற படுகளத்துக்குக் கதை திரும்புகிற இடம். பாடுகிறவர் சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார், துண்டால் வாயைத் துடைக்கிறார், உடுக்கையின் நடுக்கயிற்றை இடது கை விரலால் ஒருமுறை இறுக்கிப் பார்க்கிறார், ஒரு அடி பாடுகிறார், பின்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாட வாயைத் திறக்கிறார். அங்கே நிற்கிறது.

பாடியவர் 2016-இல் காலமாகிவிட்டார். பின்பாட்டுக்காரர் இருக்கிறார் என்று போன வருசம்தான் தெரிந்தது, மூலனூருக்குத் தெற்கே மகள் வீட்டில். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனேன். திண்ணையில் வைத்து ஒன்றாவது பகுதியிலிருந்து போட்டேன். மகள் காப்பி கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப் போனது. நடுவில் ஒரே ஒரு தரம், “அண்ணன் அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்தாருங்க தம்பி” என்றார். பொழுது சாய்கிறபோது பத்தாவது வந்தது. நாலு நிமிடம் பத்து விநாடி. படம் உறைந்தது, திரையில் அவருடைய திறந்த வாய்.

“இதுக்கு மேல இல்லைங்களா?”

“இல்லைங்க ஐயா.”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொடையில் விரலால் தட்ட ஆரம்பித்தார், உடுக்கையின் நடை. நான் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். விட்ட அடியை வாங்கிப் பாடினார், முன்பாட்டையும் அவரே பாடினார், பின்பாட்டையும் அவரே பாடினார். பதினொரு நிமிடம். உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தமும், ஒரு ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தமும் அதில் விழுந்திருக்கிறது, எடுக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

‘10-ஆ’ என்று பெயர் வைத்து மூணு இடத்திலும் போட்டாயிற்று. ஒரு பென்டிரைவ் அவர் பேரனிடம் கொடுத்தேன். மீதி மூணு பகுதிக்கு, சித்திரை நோம்பி முடிந்து சளி கொஞ்சம் குறையட்டும், அப்புறம் வாங்க என்று சொல்லியிருக்கிறார்.